இரு கரைப் பாசறைகள்

1861 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அமெரிக்க நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, ஏட்டுக் கணக்கு முழுவதும் வடக்கின் பக்கமே நின்றது. வடக்கில் 2 கோடிக்கு மேற்பட்ட மக்கள். பிரிந்துபோன 11 தென் மாநிலங்களில் ஏறத்தாழ 90 இலட்சம். அவர்களுள்ளும் ஏறத்தாழ 35 இலட்சம் பேர் அடிமைகள். ஆலைகளும் கப்பல்களும் வடக்கில்; இருப்புப்பாதையும் தெற்கைப்போல் இரு மடங்குக்கு மேல். தெற்கிடம் இருந்தவை பருத்தியும், தேர்ந்த படைத்தலைவர் சிலரும், தன் மண்ணில் நின்று பொருதும் வாய்ப்புமே. எனினும் போர் நான்காண்டுகள் நீடித்தது. படையின் மாட்சி தலைகளின் தொகையில் அடங்குவதன்று என்பதைக் குறளில் படைமாட்சி பயின்ற மாணவரும் அறிவர். அத்துணை உறுதியும் அடிமை முறையைக் காக்கவன்றோ செலவிடப்பட்டது!

போரைப் பாடமாக நடத்துவோர் தளபதிகளின் பெயர்களை மனப்பாடம் செய்விக்கின்றனர்; படைவீரன் என்ன உண்டான் என்று கேட்பார் இலர். வடக்கின் வீரனுக்குக் கிடைத்தது ஹார்ட்டாக் என்னும் கல்போன்ற ரொட்டி. அதைத் துப்பாக்கிக் கட்டையால் உடைத்துக் காப்பியில் ஊறவைப்பான்; வண்டுகள் மேலே மிதக்கும்; அவற்றை வழித்தெறிந்துவிட்டு உண்பான். தெற்கின் வீரனுக்கு மக்காச்சோள ரொட்டியும் உப்பிட்ட பன்றி இறைச்சியும். கடல் முற்றுகையால் காப்பி அரிதாகவே, வறுத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பொடித்துக் காய்ச்சிக் குடித்தான். ஆனால் அவனிடம் புகையிலை மிகுதி. ஆகவே ரப்பகானக் ஆற்றில் சிறு விளையாட்டுப் படகுகள் மிதந்தன. ஒரு கரையிலிருந்து புகையிலை போகும். மறு கரையிலிருந்து காப்பி வரும். தலைவர்கள் தடுத்தும் அவ்வாணிகம் நின்றபாடில்லை.

குண்டினும் கொடிய பகை நோயே. மாண்டோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரை வயிற்றுப்போக்கும் டைபாய்டும் பிற பிணிகளுமே கொண்டுசென்றன. இறந்தோர் 6,20,000 என்று நெடுங்காலம் எழுதிவந்தனர். 2011 இல் வெளிவந்த ஓர் ஆய்வு அத்தொகையை 7,50,000 என உயர்த்தியது.

வடக்கின் படையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் சேர்ந்தனர். வெள்ளை வீரனுக்கு மாதம் 13 டாலர். கறுப்பு வீரனுக்கு 10, அதிலும் உடைக்கென 3 டாலர் பிடித்தம். மாசசூசெட்ஸின் 54 ஆம் காலாட்படையினர் அவ்வூதியத்தைத் தொட மறுத்தனர். குறையும் தொகையைத் தன் கருவூலத்திலிருந்து தர மாநிலம் முன்வந்தபோதும் மறுத்தனர். 1863 சூலையில் வாக்னர் கோட்டையைத் தாக்கியபோது அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டோ காயமுற்றோ காணாமலோ போயினர். வீட்டிலிருந்து வறுமையைச் சொல்லும் கடிதங்கள் வந்தவண்ணம் இருந்தன. எனினும் கைநீட்டினாரில்லை.

1864 சூனில் சம ஊதியச் சட்டம் நிறைவேறியது. ஆயினும் ஒரு முள் இருந்தது: போர் மூண்ட நாளில் உரிமைமக்களாய் இருந்தோர்க்கே பழைய பாக்கி முழுவதும் உண்டாம்! தப்பி வந்த அடிமைகள் யாது செய்வர்? படைத்தலைவர் எட்வர்டு ஹாலோவெல் உறுதிமொழியை வேறு சொற்களில் அமைத்தார்: அந்நாளில் எவருக்கும் கூலியில்லா உழைப்பு நான் கடன்பட்டிருக்கவில்லை என்பது அதன் பொருள். அடிமையாய்ப் பிறந்தவரும் மனம் கூசாது கையுயர்த்தினர். அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் ஊதியம் முழுமையாக வந்துசேர்ந்தது.