குழாய் இரத்தமும் ஓர் அமானிதமே



மாணவர்களின் பெற்றோருக்காக எமது மதரஸாவில் நடைபெறும் வார வகுப்பில், அண்மைக் காலமாக ஒரு கேள்வி எழுந்து வருகிறது. சிகிச்சைக்குச் சென்ற இடத்தில், மருத்துவ ஆய்வுக்கென ஒரு குழாய் இரத்தம் கூடுதலாகக் கேட்டு, ஒப்புதல் படிவத்தையும் நீட்டுகிறார்கள். "கொடுக்கலாமா ஹள்ரத்?" என்று ஒரு தாய் கேட்டார். ஃபத்வா வழங்குவது உலமாப் பெருமக்களின் பொறுப்பு. எனினும், சிந்திக்க வேண்டிய சிலவற்றை நாம் பகிர்ந்துகொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.

இவ்வாறு பெறப்படும் இரத்தமும் மரபணுக்கூறும் உறைகுளிரில் பல்லாண்டுகள் பாதுகாக்கப்படும் களஞ்சியத்தையே உயிரி வங்கி, அதாவது பயோபேங்க், என்கிறார்கள். கொடுத்தவர் மண்ணறைக்குச் சென்ற பின்னரும் அவர் கொடுத்த துளி அங்கே இருக்கக்கூடும்.

இதன் தேவை என்ன? பிரிட்டனின் தேசிய உயிரி வங்கியில் 2006 முதல் 2010 வரை ஐந்து இலட்சம் பேர் இணைந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையினத்தவர். அவர்களின் இரத்தம் அவர்களின் நோயைப் பேசும். நம் நோயை முழுமையாகப் பேசாது. ஓர் எடுத்துக்காட்டு: இதயத் தசைக்குரிய மரபணு ஒன்றில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கும் குறையைப் பற்றி, ஹைதராபாத் அறிவியலாளர்கள் பங்கேற்ற ஆய்வொன்று 2009இல் வெளிவந்தது. இதயச் செயலிழப்பின் அபாயத்தைக் கூட்டும் இக்குறை, நம் துணைக்கண்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் உள்ளது. ஐரோப்பியரை மட்டும் ஆராய்ந்திருந்தால் இது புலப்பட்டிருக்காது.

எம் தந்தையார் ஐம்பத்திரண்டாம் வயதில் இதய நோயால் வஃபாத்தானார். அவர் உடலில் இக்குறை இருந்ததா என்பதை இனி எவரும் அறிய இயலாது. நம் பிள்ளைகளின் மருத்துவராவது அறிந்து சிகிச்சை அளிக்கட்டும் என்ற ஏக்கம் எமக்கு உண்டு.

நம் நாட்டு அரசும் இத்துறையில் பொருள் செலவிடுகிறது. உயிரித் தொழில்நுட்பத் துறையின் நிதியில் 2020இல் தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டத்தில் இருபது நிறுவனங்கள் இணைந்தன. எண்பதுக்கும் மேற்பட்ட மக்கட் குழுக்களிடமிருந்து சுமார் 20,000 பேரின் இரத்த மாதிரிகள் பெறப்பட்டன. பத்தாயிரம் பேரின் முழு மரபணுத் தொகுதி படிக்கப்பட்டது. மாதிரிகள் பெங்களூரில் பேணப்படுகின்றன. தரவுகள் ஃபரீதாபாத்தில் உள்ள தேசியத் தரவு மையத்தில் சேர்க்கப்பட்டு, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன.

இது பாராட்டுக்குரியது. ஆயினும் கட்டடமும் குளிர்பெட்டியும் மட்டும் அரசின் ஆதரவாகிவிடா. பிறர் பொருளைப் பெற்றவர் அதைப் பேணுவதும் உரியவரிடம் ஒப்படைப்பதும் கடமை என்பதே மார்க்கம் நமக்குக் கற்பித்த அமானிதம். அரசுக்கும் இது பொருந்தும்.

அமானிதம் மீறப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் ஹவசுபாய் பழங்குடியினரின் அனுபவம் சான்று. நீரிழிவு ஆய்வுக்கு என்று நம்பி 1990இல் இரத்தம் கொடுத்தார்கள். பிறகு அது மனநோய், குடிபெயர்வு வரலாறு போன்ற வேறு ஆய்வுகளுக்கும் பயன்பட்டதை அறிந்து வழக்குத் தொடுத்தார்கள். 2010இல் ஏற்பட்ட சமரசத்தில் ஏழு இலட்சம் டாலர் இழப்பீடு வழங்கப்பட்டது. அவர்களுடைய இரத்த மாதிரிகளும் திருப்பி ஒப்படைக்கப்பட்டன.

சிறிய நாடான எஸ்தோனியா வேறு வழியில் சென்றது. 2000ஆம் ஆண்டிலேயே மனித மரபணு ஆய்வுக்கெனச் சட்டம் இயற்றிவிட்டு, அதன் பிறகே மாதிரிகளைச் சேகரிக்கத் தொடங்கியது. மரபணுவைக் காரணம் காட்டி வேலை வழங்குவோரோ காப்பீட்டு நிறுவனங்களோ பாகுபாடு காட்டுவதை அச்சட்டம் தடுக்கிறது. இன்று அங்கே இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர், அதாவது வயது வந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், மாதிரி கொடுத்திருக்கிறார்கள். காப்பு இருக்கும் இடத்தில் மக்கள் தயங்குவதில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள், ஒப்புதலையும் அதைத் திரும்பப் பெறும் உரிமையையும் வலியுறுத்துகின்றன. ஆனால் நெறிமுறை வேறு, சட்டம் வேறு. உயிரி வங்கிகளுக்கெனத் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. மேலும், மரபணு ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ஒருவர் கொடுக்கும் துளியில் அவருடைய உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் பாதி வெளிப்படுகிறார்கள். ஆகவே ஒருவரின் கையொப்பம் குடும்பம் முழுவதையும் தொடுகிறது.

எனவே எமது கருத்து இதுதான்: அஞ்சி ஒதுங்க வேண்டாம், படிக்காமல் கையொப்பமிடவும் வேண்டாம். எந்த ஆய்வுக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு, யாருடன் பகிர்வார்கள், பிற்பாடு விலகிக்கொள்ள முடியுமா என்ற நான்கையும் கேளுங்கள். தெளிவான விடை கிடைத்தால், வீட்டாருடன் மஷூரா செய்து மனமுவந்து கொடுங்கள். மரணத்துக்குப் பின்னும் தொடரும் நன்மைகளில் பயனுள்ள கல்வியும் ஒன்றென நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அக்கல்விக்கு இத்துளியும் துணையாகலாம். நம் ஜமாஅத்துகளும் ஒரு காரியம் செய்யலாம்: உயிரி வங்கிச் சட்டம் வேண்டுமென நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு மனு எழுதலாம். நாம் தொலைவில் நின்றால், நம் பிள்ளைகளின் நோய்க்குரிய ஆய்வேட்டில் நம் பக்கம் வெறுமையாகவே இருக்கும்.

வல்ல அல்லாஹ் நம் உடல்களுக்கு ஆஃபியத்தையும், அமானிதம் பெற்றோருக்கு அதைப் பேணும் உறுதியையும் அருள்வானாக. ஆமீன்.