பதினொரு தப்படி

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில், வலப்புறம் சிறுமலை கூடவே வரப் பேருந்தில் சென்றோம். மலையைக் காணச் சென்றவர்களல்லோம். எங்கள் பெரியம்மா தங்கியிருந்த முதியோர் இல்லத்தைக் காணச் சென்றோம். 82 வயதான அவர்கள், நள்ளிரவில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மதுரை மருத்துவமனையில் கிடந்தார்கள். “வயதானால் விழத்தானே செய்வார்கள்” என்றது இல்லத்திலிருந்து வந்த தொலைபேசிச் செய்தி.

வேப்பமர நிழல், கூட்டிப் பெருக்கிய முற்றம், பளபளக்கும் டைல்ஸ் தரை. துப்புரவான இடம்தான், அதை மறைப்பது நியாயமன்று. ஆனால் பெரியம்மாவின் கட்டிலிலிருந்து கழிவறைவரை நடந்து பார்த்தோம். பதினொரு தப்படி. கட்டிலில் அமர்ந்தால் எங்கள் காலே தரையைத் தொடவில்லை. விளக்கின் சுவிட்சு வாசலருகே இருந்தது. கழிவறை நுழைவில் ஒரு படி. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. 24 பேருக்கு இரவில் ஆயா ஒருவரே.

முதியோர் விழுவதெல்லாம் பிறர் குற்றமாகாது. படுக்கையிலிருந்து சட்டென எழுகையில் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும். தூக்க மாத்திரை தள்ளாட்டத்தை மிகுவிக்கும். கண்புரை படியை மறைக்கும். எத்துணை காத்தாலும் சிலர் விழுவர். ஆயினும் ஆபத்து முன்னரே தெரிந்திருந்ததா, தெரிந்தபின் என்ன செய்தார்கள் என்று கேட்கலாமன்றோ?

பதிவேட்டைக் கேட்டு வாங்கினோம். மூன்று மாதத்தில் இருமுறை, “கீழே விழுந்தார், தைலம் தடவப்பட்டது” என்றிருந்தது. மருத்துவரிடம் காட்டியதாகவோ, கட்டிலைத் தாழ்த்தியதாகவோ ஒரு வரியுமில்லை. முதல் வீழ்ச்சிக்குப் பின்னரே தூக்க மாத்திரையும் தொடங்கியிருந்தது!

“இரவில் கட்டிலோடு கட்டி வைக்கலாம், நீங்கள் ஒப்புவீர்களா?” என்றார் மேலாளர். திடுக்கிட்டோம். கட்டிவைத்தால் தசை மெலியும். அவிழ்த்த அன்று விழுவது எளிதாகும். பணியாளரின் வசதிக்காக முதியோரைக் கட்டுவதை அமெரிக்க நாட்டின் 1987ஆம் ஆண்டுச் சட்டமே விலக்கியிருக்கிறது.

“முதல் இருமுறை எங்களுக்கு ஏன் தெரிவிக்கவில்லை?” என்று சற்றுச் சினத்துடனேயே கேட்டோம். அவர் சேர்க்கைப் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். அதிலிருந்தது எங்கள் பழைய எண். மாற்றித் தராதவர்கள் நாங்கள். மூன்றாம் முறை, வலியினூடே பெரியம்மாவே புதிய எண்ணைச் சொன்னார்களாம். அதற்குமேல் எங்கள் குரல் உயரவில்லை.

எனினும் பதிவேட்டின் நகலைக் கேட்டுப் பெற்றோம். படியையும் தரையையும் படமெடுத்துக்கொண்டோம். கட்டணம் பெறும் இல்லமாதலால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தை நாட இடமுண்டு. நாடுவதா என்பதைப் பெரியம்மாவிடம் கேட்டே முடிவு செய்வோம்.

புறப்படுகையில் அடுத்த கட்டிலின் பாட்டி எதையோ துழாவினார். கைத்தடி எதிர்ச் சுவரோரம் கிடந்தது. எடுத்து, அவர் கைக்கெட்டும்படி சாத்திவிட்டு வந்தோம்.