கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டேன்

என் வீட்டில் இடத்தை அடைத்த சாமான்களை இன்னொருவர் வீட்டுக்குத் தள்ளிவிட்டு, அதை உதவி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு முறை இரு முறை அல்ல, 14 வருஷம். அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். கிரகப்பிரவேசத்துக்கு வந்த சுவர்க்கடிகாரங்கள், கல்யாணத் தாம்பூலப் பையில் வந்த பிளாஸ்டிக் டப்பாக்கள், கொலுவுக்குப் போன வீடுகளில் வெற்றிலை பாக்கோடு கொடுத்த குங்குமச் சிமிழ்கள், யாருக்கும் கை வைத்துத் தைக்கப் பற்றாத 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துணிகள். தீபாவளிக்கு முன்னால் ஒரு தடவை, பொங்கலுக்கு முன்னால் ஒரு தடவை பரணை ஒழிப்பேன். ஒழித்ததை அட்டைப்பெட்டியில் அடுக்கி, எங்கள் வீட்டில் வேலை செய்பவரிடம் கொடுப்பேன். அவரும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வார். அன்று ராத்திரி எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும்.

போன ஐப்பசியில் அவருக்குக் காய்ச்சல். ஒரு வாரமாக வரவில்லை என்று பார்க்கப் போனேன். கையில் இரண்டு பை. ஒன்றில் ரொட்டியும் சாத்துக்குடியும். இன்னொன்றில் சாயம் போன இரண்டு போர்வைகள். காய்ச்சலில் கிடப்பவரைப் பார்க்கப் போகும்போதுகூட வீட்டிலிருந்து எதையாவது கழித்துவிடத்தான் என் கை பழகியிருந்தது.

மாடிப்படியில் உட்கார்ந்து அவர் மகள் படித்துக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ. உள்ளே ஒரே அறை. கட்டிலுக்கு அடியில் பெட்டி, பீரோ மேல் பெட்டி, ஜன்னலைப் பாதி மறைத்தபடி பெட்டி. நான் உட்கார வேண்டும் என்று அந்த உடம்போடு எழுந்து நாற்காலியில் இருந்த பெட்டியை இறக்கி வைத்தார். அதன் மேல் 'மிக்ஸி ஜார் – பழசு' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. சுவரில் ஓடாத கடிகாரம் ஒன்று. அதுவும் எங்கள் பரணில் இருந்ததுதான்.

"இதையெல்லாம் ஏன் வச்சிட்டிருக்கீங்க? உபயோகம் இல்லேன்னா எடைக்குப் போட்டிருக்கலாமே?"

"நீங்க குடுத்ததாச்சேக்கா. ஒருநாள் வந்து பாத்தா மனசு சங்கடப்படுவீங்களே."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் நாத்தனார் கொடுத்த ஜோடி விளக்கை அதே காரணத்துக்காகத்தான் நான் ஒன்பது வருஷமாகத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். அவர் வந்தால் கேட்பாரே என்ற பயம். கொடுத்தவர் முகத்துக்காக ஒரு பொருளைச் சுமப்பது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே அந்தப் பாரத்தை, வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் இருப்பவர் தலையில் ஏற்றினேன். வாங்க மறுத்தால் நான் முகம் சுளிப்பேனோ, வேலைக்குப் பாதகம் வருமோ என்று அவர் நினைத்திருக்க மாட்டாரா? அந்தப் பெண் படிக்க வேண்டிய இடத்தில் என் பெட்டிகள் உட்கார்ந்திருந்தன.

வீட்டுக்குத் திரும்பும்போது இன்னொன்றும் ஞாபகம் வந்தது. 2004 டிசம்பர் 26, சுனாமி. அந்த வாரம் எங்கள் தெருவில் துணி சேகரித்தபோது நான் மூன்று மூட்டை கட்டிக் கொடுத்தேன். ஜிப் போன பேன்ட், அக்குள் கிழிந்த சட்டை எல்லாம் அதில் இருந்தன. நாகப்பட்டினம் பக்கம் பழந்துணிகள் யாரும் தொடாமல் சாலையோரம் குவிந்து கிடந்த செய்தி பிறகு வந்தது. 'கூஞ்ச்' தொண்டு நிறுவனம் அவற்றைச் சேகரித்துத் தரம் பிரிக்க வேண்டியிருந்தது. அந்த ஊர்க்காரர்கள் கடலில் உழைத்துச் சம்பாதித்து மானமாக உடுத்தியவர்கள். 'இப்படியா அனுப்புவார்கள்?' என்று நான்கூடக் கோபப்பட்டேன். அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி என்று அன்று உறைக்கவே இல்லை.

மறுவாரம் அவரிடம் கேட்டுவிட்டு, அவருக்கு வேண்டாத பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தேன். எடைக்குப் போட்டதில் வந்த பணத்தை அவரிடமே கொடுத்தேன். "உங்களுக்கு நிஜமா என்ன வேணும்?" என்று கேட்டேன். இரண்டு தடவை "ஒண்ணும் வேணாங்க்கா" என்றார். மூன்றாவது தடவைதான், "ஞாயித்துக்கிழமை லீவு குடுத்தா நல்லாருக்கும்" என்றார். என்ன வேணும் என்பது 14 வருஷத்தில் நான் ஒருநாளும் கேட்காத கேள்வி.

இப்போதெல்லாம் விசேஷ வீட்டுக்குச் செக்கு நல்லெண்ணெயோ பழமோ கொண்டுபோகிறேன். தீர்ந்துபோகிற பொருள், யாரும் எனக்காக அதைக் காவல் காக்க வேண்டாம். நெருங்கியவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டே கொடுக்கிறேன்.

ஆனால் பழக்கம் முழுதாகப் போகவில்லை. போன வாரம் மூடி உடைந்த ஃபிளாஸ்க் ஒன்றைத் தூக்கிப்போட மனசு வராமல் அவர் பைக்குப் பக்கத்தில் வைத்தேன். வைத்த பிறகுதான் அந்த மாடிப்படி கண்ணில் வந்தது. அவர் பாத்திரம் துலக்கி முடிப்பதற்குள் அதை எடுத்துவிட்டேன்.