பால் பொங்கட்டும்!

சகோதரிகளே, பழைய நாளுக்குத் திரும்பிப் போக ஒரு டிக்கெட் கிடைத்தால் எங்கே போவீர்கள்? ராஜராஜன் தர்பாருக்கா? நான் எங்கள் பழைய வீட்டுச் சமையலறைக்குத்தான் போவேன்.

இந்த ஆசையைக் கிளப்பிவிட்டது ‘குவாண்டம் லீப்’ என்ற அமெரிக்க டெலிவிஷன் தொடர். 1989 முதல் 1993 வரை ஓடியது. சாம் பெக்கெட் என்ற விஞ்ஞானி தம் ஆயுட்காலத்துக்குள் ஏதாவது ஒரு வருஷத்தில் போய் விழுவார், அதுவும் இன்னொருவராக! கண்ணாடியில் அந்த ஆசாமியின் முகம்தான் தெரியும். ஒரு தடவை பெண் காரியதரிசியாகிவிட்டு அவர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே! அந்த மனிதர்கள் வாழ்வில் நேர்ந்த தவறு ஒன்றைச் சரிப்படுத்தினால்தான் அடுத்த தாவல்.

1990-ல் வந்த ஒரு கதையில், கண்ணாடியில் தெரிந்தது அவருடைய சொந்தப் பதினாறு வயது முகமே. வருஷம் 1969. இந்தியானா மாநிலத்தில் அவர்களுடைய பண்ணை வீடு. என்றோ காலமான அப்பா எதிரே நிற்கிறார்! வியத்நாம் யுத்தத்தில் சாகப்போகும் அண்ணனும் இருக்கிறான். “சிகரெட்டை விடுங்கள், அப்பா” என்று பிள்ளை மன்றாடுகிறான். அப்பாக்கள் கேட்பார்களா?

எனக்கு அவ்வளவு பெரிய காரியம் வேண்டாம். அப்பா கடைசியாக என்னைக் கூப்பிட்ட காலையில், “அடுப்பில் பால் இருக்கிறது, இதோ வந்துவிட்டேன்” என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தேன். அந்தப் பாலைப் பொங்க விட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடுவேன்.