பணம் கட்டிய விருந்தாளி



'லிவ்அபோர்ட்' என்ற சொல் நம் வயதுக்காரர்கள் பலருக்குப் புதிதாக இருக்கும். ஒரு படகில் ஏறி, ஒரு வாரம் அதிலேயே சாப்பிட்டு, அதிலேயே தூங்கி, தினமும் மூன்று முறை கடலுக்குள் இறங்கி மீனையும் பவளப்பாறையையும் பார்த்துவிட்டு வருவதற்கு அந்தப் பெயர். மாலத்தீவில் இதை 'சஃபாரி படகு' என்கிறார்கள். நாம் மூன்று வேளை சாப்பிடுவது போல அவர்களுக்கு மூன்று வேளை முழுக்கு.

எழுபதைத் தாண்டியவனுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். நான் முழுகவில்லை. முழுகுகிறவர்கள் என் மகனும் மருமகளும். 2023 பிப்ரவரியில் அவர்கள் போன படகில் முழுகாதவர்களுக்கும் இடம் இருந்தது. "சும்மா உட்கார்ந்து கடலைப் பாருங்க, போதும்" என்று என்னையும் என் மனைவியையும் அழைத்துப் போனார்கள். மந்தைவெளியிலிருந்து பட்டினப்பாக்கம் கடற்கரை வரை காலையில் நடப்பதுதான் அதுவரை எங்களுடைய கடல் அனுபவம்.

ஒரு வாரம் எனக்கு ஒரு வேலையும் இல்லை. விருந்தாளிகள் பதினாறு பேரையும், அவர்களுக்கு வேலை செய்த சிப்பந்திகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அரசு அலுவலகத்தில் 34 வருடம் கவுன்ட்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்தவன் நான். கேட்கிறவர் முகமும் கொடுக்கிறவர் முகமும் எப்படி மாறும் என்பது கொஞ்சம் தெரியும்.

முதலில் அங்கே நடைமுறை என்ன என்று சொல்லிவிடுகிறேன். தங்குவதற்கு மூன்றடுக்குப் பெரிய படகு. அதன் கூடவே ஒரு சின்னப் படகு வரும். அதை 'தோனி' என்கிறார்கள். நம்முடைய தோணிதான். சிலிண்டர்கள், காற்று நிரப்பும் கம்ப்ரஸர், ரப்பர் உடுப்புகள் எல்லாம் அந்தத் தோணியில் இருக்கும். அதனால் கம்ப்ரஸரின் இரைச்சல் பெரிய படகில் தூங்குபவர்களைத் தொந்தரவு செய்யாது. முழுகுகிறவர்களைக் கொண்டுபோய் இறக்கிவிடுவதும், திரும்ப ஏற்றிக்கொள்வதும் தோணிக்காரர் வேலை.

சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்றுதான் நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான், அழுத்தி அடைத்தது. பத்து மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. அந்த அழுத்தத்தில் காற்றில் உள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்தது போலக் குமிழி கிளம்பும். அதனால் மெதுவாக ஏறி, ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்றுவிட்டு வருகிறார்கள். உல்லாசமாக முழுகுபவர்கள் 30 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது மாலத்தீவில் சட்டம்.

இனி விருந்தாளிகள். என் மகனின் நண்பர்கள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்திருந்தார்கள். மற்றவர்கள் ஐரோப்பியர்கள். அதில் ஒரு வயதான பிரெஞ்சுத் தம்பதி. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் பழைய பிரெஞ்சுக்கு அங்கேதான் மறுபடி வேலை வந்தது.

முதல் நாள் புகார்கள் எல்லாம் வயிறு சம்பந்தப்பட்டவை. காபி காபியாக இல்லை, தயிர் புளிக்கவில்லை, சைவத்துக்கு உருளைக்கிழங்கை விட்டால் வேறு இல்லை. சமையல்காரர் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார். இரண்டாம் நாள் ரசம் வந்தது. மூன்றாம் நாள் வெண்டைக்காய்ப் பொரியல். என் மனைவி கட்டிக்கொண்டு வந்த பருப்புப் பொடி பாட்டிலைத் திறக்கவே இல்லை. முழுகிவிட்டு ஏறுகிறவர்களுக்குக் கையில் துண்டு, தட்டில் பப்பாளித் துண்டு, சூடாக இஞ்சி டீ. ரப்பர் உடுப்பை அலசிக் காயப்போடுவதும் அவர்களே. கேட்டதெல்லாம் கிடைத்தது. எல்லாரும் 'நல்ல சர்வீஸ்' என்றார்கள்.

கேட்டது கிடைக்காத இடங்களில்தான் சங்கடம் வந்தது. அப்படி மூன்று.

ஒன்று, அறைக்குள் கேமரா, டார்ச் விளக்கு எதையும் சார்ஜ் போடக் கூடாது. மேல்தளத்தில் அதற்கென்று ஒரு மேசை. அதையும் இரவு பதினொரு மணிக்கு அணைத்துவிடுவார்கள். இரண்டு, கடைசி நாள் முழுக்கு கிடையாது. ரத்தத்தில் நைட்ரஜன் மிச்சம் இருக்கும்போது விமானம் ஏறினால் மேலே அழுத்தம் குறைந்து ஆபத்து என்பதால் 24 மணி நேர இடைவெளி. "அந்த நாளுக்கும் சேர்த்துத்தானே பணம் வாங்கினீர்கள்?" என்று ஒருவர் கேட்டார். மூன்றாவது, நாலாம் நாள் மத்தியானம் நடந்தது.

இரண்டு பவளத் திட்டுகளுக்கு நடுவே கடல் வாய்க்கால் போல ஓடும் இடம் அது. சுறாக்கள் கூட்டமாக வரும் என்று பெயர் பெற்றது. பலர் அதற்காகவே அந்தப் பயணத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எல்லாரும் உடுப்பு மாட்டி, சிலிண்டர் தூக்கித் தயார். வழிகாட்டியான மாலத்தீவுப் பையன், முப்பது வயது இருக்கும், முதலில் தான் மட்டும் குதித்து நீரோட்டத்தைப் பார்த்துவிட்டு ஏறினான். தலையை ஆட்டினான். ஓட்டம் உள்ளே வரவில்லை, வெளியே போகிறது. இறங்கினால் ஆட்களை ஆழ்கடலுக்கு இழுத்துப் போய்விடும். உள்பக்கம் அமைதியான பாறை ஒன்று இருக்கிறது, அங்கே போகலாம் என்றான்.

ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. தான் இருநூறு முறைக்கு மேல் முழுகியவன் என்றார். இவ்வளவு பணம் கட்டி வந்தது குட்டி மீன் பார்க்கவா என்றார். மதிப்பெண் போடும்போது பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். பையன் குரலை உயர்த்தவில்லை. "மன்னிக்கணும் சார், இங்கே இன்னைக்கு இல்லை." அவ்வளவுதான். தோணியைத் திருப்பச் சொல்லிவிட்டான்.

அன்று மாலை யாருக்கும் எதுவும் ஆகவில்லை. எதுவும் ஆகாததால் கோபமும் ஆறவில்லை. ஆபத்தைத் தடுத்தவனிடம் காட்டுவதற்கு ஒரு சாட்சியும் இருக்காது. இறங்கி யாராவது காணாமல் போயிருந்தால்தான் அவன் சொன்னது சரி என்று தெரிந்திருக்கும்.

என் வயதில் இரவு ஒரு முறையாவது எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. அன்று இரண்டு மணிக்கு எழுந்து, தூக்கம் வராமல் மேல்தளத்துக்குப் போனேன். அங்கே ஒரு பையன் நின்றிருந்தான். பகலில் பாத்திரம் எடுக்கிறவன் என்று நினைத்திருந்தேன்.

"என்ன சார், தூங்கலையா?" என்று தமிழில் கேட்டான்.

"நீ தூங்கலையே தம்பி."

"எனக்கு இதான் சார் வேலை. நாலு மணிக்கு அடுத்த ஆள் வருவாரு. அதுவரைக்கும் சுத்திச் சுத்தி வரணும். கீழ இஞ்சின் ரூம், அடுப்படி, அந்த சார்ஜ் போடுற மேசை."

தூத்துக்குடிப் பையன். தாத்தா சங்கு குளித்தவராம். ஊர்ப் பேச்சு பேசிக்கொண்டிருந்தோம். அவன் தூங்காமல் இருப்பது படகில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டேன். சிரித்தான். "யார் சார் கேக்கப் போறாங்க?"

அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. காரணம் உண்டு. 2019 செப்டம்பர் 2ஆம் தேதி விடியற்காலை, அமெரிக்காவில் கலிபோர்னியா கரைக்குப் பக்கத்தில் சாந்தா குரூஸ் தீவின் அருகே நங்கூரமிட்டிருந்த 'கன்செப்ஷன்' என்ற இதே மாதிரியான படகு தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேரும் இறந்தார்கள். பயணிகள் 33 பேர், சிப்பந்தி ஒருவர். மேலே இருந்த காப்டனும் மற்ற நான்கு சிப்பந்திகளும் கடலில் குதித்துத் தப்பினார்கள். இரவில் சுற்றிவர ஒரு காவல் ஆள் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த இரவு யாரும் விழித்திருக்கவில்லை. சார்ஜில் கிடந்த பேட்டரிகள்தான் காரணமோ என்று பேச்சு எழுந்தது. தீ எப்படித் தொடங்கியது என்பதை உறுதியாகச் சொல்ல முடியாதபடி படகே எரிந்து மூழ்கிவிட்டது. பின்னாளில் காப்டனுக்கு 4 வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. அதற்கு முந்தைய சாயங்காலம் அந்தப் பயணிகளைக் கேட்டிருந்தால், அவர்களும் 'நல்ல சர்வீஸ்' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

தூத்துக்குடிப் பையன் இன்னொன்றும் சொன்னான். முத்துக்குளித்த காலத்தில் இடுப்பில் கயிறு கட்டி, கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். கயிற்றின் மறுமுனை படகில் இருப்பவர் கையில். கீழே இருப்பவர் சுண்டினால் உடனே இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்களாம். கூடப் பிறந்தவள் தாலியை நினைத்து அவன் கண் அயர மாட்டான் என்று நம்பிக்கை. நம் பக்கத்தில் பலரும் கேள்விப்பட்டதுதான். தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனது. இப்போது கயிறு இல்லை. நீரில் மேலே வரும் குமிழிகளைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே தோணிக்காரர் வருகிறார். ஆனால் வேலை மாறவில்லை. கீழே இறங்குகிறவன் தன் உயிரை மேலே இருக்கும் ஒருவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்குகிறான். மைத்துனன் உறவுக்குப் பதிலாக இப்போது சம்பளமும் அன்பளிப்பும் இருக்கின்றன.

அந்த அன்பளிப்பு விஷயம் கடைசி ராத்திரி வந்தது. பயணம் முடியும்போது ஒரு பெட்டியில் பணம் போடுவது அங்கே வழக்கம். சிப்பந்திகள் பிரித்துக்கொள்வார்கள். வழிகாட்டிக்குத் தனியாகக் கவர். நாலாம் நாள் கோபித்துக்கொண்டவர், "சமையல்காரனுக்குக் கூடப் போடுவேன், அவனுக்குப் பாதிதான்" என்றார். வேறு இருவர் தலையாட்டினார்கள்.

என்னைக் கேட்டார்கள், வயதில் பெரியவன் என்பதால். என் உத்தியோகத்தை வைத்துச் சொன்னேன். 'முடியாது' என்பதில் இரண்டு வகை உண்டு. அரசு அலுவலகங்களில் ஜனங்கள் அடிக்கடி கேட்பது சோம்பல் 'முடியாது'. அதைச் சொன்னால் சொல்கிறவருக்கு வேலை மிச்சம். இன்னொன்று, சொல்கிறவருக்கே நஷ்டம் வரும் 'முடியாது'. சரி என்று தலையாட்டினால் அந்தப் பையனுக்குச் சிரித்த முகம், முழுக் கவர், நல்ல மதிப்பெண். முடியாது என்றதால் அவனுக்குக் கிடைத்தது இந்தப் பேச்சு. தனக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தும் ஒருவன் சொல்கிறான் என்றால், அந்த வார்த்தைக்கு விலை அதிகம். பாதி கொடுத்தால், அடுத்த வாரம் வரும் விருந்தாளியிடம் அவன் 'சரி' என்று சொல்வதற்கு நாம் பழக்கிவிடுகிறோம்.

எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேர் முழுதாகப் போட்டார்கள். அவர் என்ன போட்டார் என்று எனக்குத் தெரியாது.

பிரெஞ்சு அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். எங்கள் பேச்சு பழைய சினிமாவுக்குப் போனது. ழாக் கூஸ்தோவும் லூயி மாலும் எடுத்த 'மௌன உலகம்' என்ற படம், 1956இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கியது. பள்ளி நாட்களில் பார்த்திருக்கிறேன். நீருக்கடியில் சுவாசிக்கும் கருவியை 1943இல் எமில் கான்யானோடு சேர்ந்து உருவாக்கியவரும் அதே கூஸ்தோதான். அவருடைய 'கலிப்ஸோ' யுத்தகாலத்தில் கண்ணிவெடி அகற்றிய படகு. இந்த சஃபாரி படகுகளுக்கெல்லாம் அதுதான் பாட்டி. கலிப்ஸோவில் வந்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வேலை செய்தார்கள், பணம் கட்டிய விருந்தாளி என்று யாரும் இல்லை என்றார் அந்த அம்மாள்.

பிரெஞ்சில் விருந்தாளிக்கும் விருந்து படைப்பவருக்கும் 'ஓட்' என்று ஒரே சொல்தான். பள்ளியில் அது எனக்குக் குழப்பமாக இருந்தது. நம் தமிழில் இரண்டும் தனித்தனி. வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வைத்தார். அந்தப் பத்துக் குறளும் விருந்து கொடுப்பவன் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றியவை. விருந்தாளி எப்படி இருக்க வேண்டும் என்பதை நம் வீடுகளில் பெரியவர்கள் வாயால்தான் சொல்லிக் கொடுத்தார்கள். போன இடத்தில் அந்த வீட்டு நேரத்துக்குச் சாப்பிடு, இல்லாததைக் கேட்காதே, படுக்கச் சொன்ன இடத்தில் படு. பணம் கட்டிவிட்டால் இதெல்லாம் தேவையில்லை என்று எப்போது முடிவுசெய்தோம்?

நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்போது அந்தமானுக்கும் மாலத்தீவுக்கும் முழுகப் போகிறார்கள். 'வேண்டாம், கடல் பொல்லாதது' என்று சொன்னால் கேட்க மாட்டார்கள். சொல்லவும் வேண்டாம். கிளம்புமுன் மூன்று கேள்விகளைப் படகுக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள். ராத்திரி யார் விழித்திருப்பார்? அறையிலிருந்து வெளியே வர இரண்டாவது வழி எங்கே? நீரோட்டம் சரியில்லை என்றால் முழுக்கை ரத்து செய்ய யாருக்கு அதிகாரம்? இதற்குத் தயங்காமல் பதில் சொல்கிற படகில் தயிர் புளிக்காவிட்டாலும் பரவாயில்லை.