கியோகோவுக்குத் தேர்வு இல்லை

மாலை வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து போன மாதம் ‘எக்ஸ் மெஷினா’ பார்த்தோம். 2015இல் வெளிவந்த படம், இயக்கியவர் அலெக்ஸ் கார்லாண்ட். மறு வருடம் சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கரை வாங்கியது. சுவரில் வேட்டியைக் கட்டி, ஆங்கில வசனத்தை நடுநடுவே நிறுத்தி நாங்களே தமிழில் சொன்னோம்.

கதை சிறியது. பெரிய தேடுபொறி நிறுவனமொன்றின் முதலாளி நேத்தன். மனித நடமாட்டமே இல்லாத மலைப்பகுதியில் அவனுக்கு ஒரு வீடு. அங்கே வேலை செய்பவள் கியோகோ. நிறுவன ஊழியன் கேலப் அங்கே ஒரு வாரம் தங்குகிறான். ஆவா என்னும் பெண் உருவ இயந்திரத்திடம் பேசி, அவளுக்கு உண்மையிலேயே சுயநினைவு இருக்கிறதா என்று சொல்ல வேண்டியது அவன் வேலை.

இந்தச் சோதனைக்கு மூலம் ஆலன் டூரிங் 1950இல் எழுதிய கட்டுரை. இரண்டே வருடத்தில், ஓரினச்சேர்க்கையாளர் என்பதற்காக பிரிட்டன் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாக்கி ஹார்மோன் சிகிச்சை கொடுத்தது. 1954இல் இறந்துபோனார். அரச மன்னிப்பு வந்தது 2013இல். இயந்திரத்துக்குத் தேர்வு வைக்கச் சொன்னவர் மனிதராக வாழவே தேர்வெழுத வேண்டியிருந்தது. இதைச் சொன்னபோது பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சாப்பாட்டு மேசையில் கியோகோ ஒயினைச் சிந்திவிடுகிறாள். நேத்தன் கத்துகிறான். இவளுக்கு ஆங்கிலம் தெரியாது, அதனால் ரகசியம் வெளியே போகாது என்று கேலப்பிடம் பெருமையாகச் சொல்கிறான். நாங்கள் அதை மொழிபெயர்த்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விட்டோம். எங்கள் கண் முழுக்க ஆவா மேல். பிறகு கியோகோ தன் தோலை உரித்துக் காட்டுகிறாள். அவளும் இயந்திரம்தான். அப்போது பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “அப்போ இவங்களுக்கு டெஸ்ட் கிடையாதா அக்கா?”

எங்களிடம் பதில் இல்லை. சமைக்க, பரிமாற, முதலாளி சொன்னால் ஆட, படுக்க. அந்த வேலைகளுக்கு அறிவு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. இயக்குநரும் அவளுக்கு ஒரு வசனம்கூடத் தரவில்லை. அந்த வேலைக்கு ஆசியப் பெண் முகத்தைத் தேர்ந்தெடுத்தது நேத்தனின் புத்தியா, படத்தின் புத்தியா? எங்களுக்கு இரண்டுமே என்றுதான் படுகிறது.

தேர்வில் தோற்றால் என்னை என்ன செய்வார்கள் என்று ஆவா கேலப்பிடம் கேட்கிறாள். உன்னைச் சோதித்து அணைத்துவிட யாராவது இருக்கிறார்களா என்றும் கேட்கிறாள். அவனால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. எங்களுக்கு முதுகலைப் படிப்பு ஞாபகம் வந்தது. கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு ஒரு காலனிக்குப் போயிருந்தோம். வருமானம், கழிப்பறை, கடன் என்று நாற்பது கேள்வி. பொறுமையாகச் சொல்லி முடித்த பாட்டி, “உங்க வீட்டுல எத்தன கடன்னு யாராச்சும் வந்து கேட்டாங்களா கண்ணு?” என்றார். நாங்களும் அதே மாதிரியான காலனியில் பிறந்தவர்கள்தான். ஆனால் அன்றைக்குப் பேனா எங்கள் கையில் இருந்தது.

கடைசியில் ஆவா கேலப்பை உள்ளேயே பூட்டிவிட்டுப் போகிறாள். பையன்களுக்குக் கோபம். உதவி செய்தவனை இப்படியா விடுவது? எங்களில் இரண்டு பேர் அவர்கள் பக்கம். அந்தப் பெண் விடவில்லை: “அவரு பிளான்ல அவரும் ஆவாவும்தானே வெளிய போறாங்க? சமைக்கிறவங்களப் பத்தி ஒரு தடவையாச்சும் யோசிச்சாரா?” யோசிக்கவில்லைதான். ஆனால் ஆவாவும் யோசித்ததாகத் தெரியவில்லை. நேத்தன் முதுகில் முதலில் கத்தியை இறக்குவது கியோகோ. அடி வாங்கித் தாடை உடைந்து தரையில் கிடப்பதும் அவள்தான். ஆவா பழைய மாதிரி ஒருத்தியின் தோலை எடுத்துப் போர்த்திக்கொண்டு ஹெலிகாப்டரில் ஏறிவிடுகிறாள். விடுதலை என்று கைதட்டத் தயாராக இருந்த எங்களுக்கு இந்த இடம் இன்னும் உறுத்துகிறது.

கத்திக்குத்துக்குச் சற்றுமுன் நடைவழியில் ஆவா கியோகோவின் காதில் ஏதோ சொல்கிறாள். படத்திலேயே கியோகோவோடு இன்னொருவர் ரகசியம் பேசுவது அங்கே மட்டும்தான். என்ன சொல்லியிருப்பாள்? “வா, சேர்ந்து போகலாம்” என்றான் ஒருவன். “நீ முதல்ல குத்து” என்றாள் இன்னொருத்தி. சத்தத்தை முழுக்கக் கூட்டி மூன்று தடவை ஓட்டிப் பார்த்தோம். ஒன்றும் கேட்கவில்லை.