மெட்டுக்குக் கிடைத்த உரிமை

திங்கட்கிழமைச் சபைகூடலில் ஆறாம் ஆண்டு வரிசைக்கு அருகில் நிற்பது என் வழக்கம். ‘நெகாராகூ’ தொடங்கியதும் பல உதடுகள் அசையும். குரல் கேட்பதோ சிலரிடம் மட்டுமே. அச்சிலரில் ஒருவன், கடைசியில் நிற்கும் உயரமான மாணவன். கொடியை விட்டுப் பார்வையை எடுக்காமல் பாடுவான்.

நான் தொடக்கப்பள்ளியில் படித்த 1990களின் தொடக்கத்தில் இப்பாடலை அணிநடைப் பாட்டைப் போல வேகமாக்கினர். பாடி முடிப்பதற்குள் எங்களுக்கு மூச்சு வாங்கும். 2003இல் பழைய நிதானம் திரும்பியது. அப்போது நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். மெதுவாகப் பாட மீண்டும் பழக வேண்டியிருந்தது!

கடந்த தேசிய மாதத்தில் இப்பாடலின் கதையை வகுப்பில் கூறினேன். சுதந்திரத்தை ஒட்டி நடந்த போட்டிக்கு உலகெங்குமிருந்து 514 படைப்புகள் வந்தும் எதுவும் பொருந்தவில்லை. பெஞ்சமின் பிரிட்டன், சுபிர் சைட் போன்ற இசையறிஞர்களைக் கேட்டும் அமையவில்லை. இறுதியில், 1957இல், துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையிலான குழு பேராக் மாநிலப் பண்ணின் மெட்டைத் தேர்ந்தது. அதே மெட்டு ‘தெராங் பூலான்’ என்னும் நிலவுப் பாட்டாகவும் மேடைகளில் ஒலித்ததுதான். அதன் வேர் சீசெல்ஸ் தீவில் வழங்கிய பிரெஞ்சுப் பாடல் என்பர்.

“அப்படின்னா, இது வெளியிலேர்ந்து வந்த பாட்டா டீச்சர்?” என்றாள் ஒரு மாணவி.

“வந்தது, இங்கேயே தங்கி நம்முடையதாகிவிட்டது,” என்றேன்.

கடைசி இருக்கையில் அவன் தலையைக் குனிந்துகொண்டான். சொன்ன பிறகே எனக்கு உறைத்தது.

அவன் இங்கேயே பிறந்தவன். தந்தை மலேசியர், தாய் அயல்நாட்டவர். திருமணம் கோயிலில் நடந்தது. அவன் பிறக்கும்வரை பதிவு செய்யப்படவில்லை. அந்நிலையில் சட்டம் பிள்ளைக்குத் தாயின் குடியுரிமை நிலையையே தருகிறது. பன்னிரண்டு வயதான தோழர்கள் புதிய மைகார்டைக் காட்டி மகிழும்போது, இவனும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பான். “தாலி கட்டியாயிற்று, பதிவுக்கு என்ன அவசரம்?” என்று இன்றும் கேட்கும் பெற்றோர் உளர். அவசரம் இதுதான், ஐயா.

அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் விண்ணப்பித்திருக்கிறார்கள். படிவத்தை நிரப்ப நானும் உதவினேன். பதில் இன்னும் வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, அவன் பாடாமல் இருந்துவிடுவானோ என்னும் அச்சத்துடனேயே நின்றேன். முதல் சொல்லிலேயே அவன் குரல் கேட்டது. அவனுக்கு முன்னால் நின்ற இருவரும், ஏனோ, அன்று வாய்விட்டுப் பாடினர்.